ஊர் ஒத்துக்கொள்ளவில்லை

சின்னக்குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் பெண் வச்சலா. அந்தப் பெருமையை அவளைவிட ஊர்தான் அதிகமாகக் கொண்டாடியது. ரிசல்ட் வந்த அன்று மாமல்லபுரம் வரை போய்ப் பேப்பர் வாங்கி வந்தவர் மாயவன். அவர்தான் குப்பத்து நாட்டார். கல்யாணமோ கருமாதியோ வலைத் தகராறோ, அவர் சொன்னால்தான் நடக்கும், அவர் சொன்னால்தான் நிற்கும். அவர் பேப்பரை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீயே பாத்து சொல்லு. நீ சொன்னாதான் நம்புவேன்" என்றார். அவள் சொன்னாள். ஊர் நம்பியது. அன்று முதல் அரசாங்கத்து நோட்டீஸ் வந்தாலும், ரேஷன் கடைக்காரன் எதையாவது எழுதிக் கொடுத்தாலும், வச்சலா சொல்வதுதான் அதில் எழுதியிருப்பது என்று ஆகிவிட்டது.

அவளுடைய அப்பா முனிசாமி, அவள் ஐந்தாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். மீனவக் குப்பத்தில் புருஷன் போனால் புருஷன் மட்டும் போவதில்லை. கடலுக்குப் போகிற ஆண் இருந்து ஊர் வரி கொடுக்கிற வீடுதான் அங்கே 'தலைக்கட்டு'. அந்த ஆண் இல்லாவிட்டால் ஊர்க்கணக்கில் அந்த வீடே இல்லை. திருவிழாவில் பங்கு கிடையாது, கூட்டத்துக்கு அழைப்பு கிடையாது. மேலே கூரை இருக்கும், அடுப்பு புகையும், ஆனால் ஊர்க்கூட்டத்தில் பேரைக் கூப்பிடும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். வச்சலாவின் அம்மா சொர்ணம் அந்த அவமானத்தை வாயைத் திறந்து சொன்னதில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக் குடிவைத்தபோது, அந்தத் தெருக்களில் மீன் கூவி விற்கப் போனவர்களில் அவளும் ஒருத்தி.

மகளைச் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். அங்கேதான் வச்சலா இரண்டு பாடங்கள் படித்தாள். ஒன்று அரசாங்கம் வைத்த பாடம். இன்னொன்று யாரும் வைக்காமலே வந்த பாடம். 'இன்னா' என்று பேசினால் சிரிக்கிறார்கள், 'என்ன' என்று பேச வேண்டும். 'வூடு' இல்லை, 'வீடு'. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொர்ணம் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்க வந்தாள். அவள் திரும்பிப் போன பிறகு பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருடி வந்தது, மார்க்கெட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வச்சலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவளை விடாமல் துரத்தியது. அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது, "இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம் அலையற? நானே வர்றேன், நீ வராத" என்றாள். மகளுக்குத்தான் தன்மேல் எவ்வளவு கரிசனம் என்று சொர்ணம் அதை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துப்போனாள்.

படிப்பு முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. செங்கல்பட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில்தான், எழுபத்தைந்தாம் வருஷம், சியாமளா வந்து சேர்ந்தாள். திருச்சிக்காரி. சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த எஞ்சினியர் கோபாலகிருஷ்ணன் அவளுடைய அண்ணன். 'பக்கத்தில் டவுன்ஷிப் வந்த பிறகு மீனவப் பெண்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?' இதுதான் அவளுடைய கேள்வி. இதைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கோபாலகிருஷ்ணனே கேலி செய்வார். உதவிக்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்று விசாரித்தபோது, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை தெய்வநாயகி வச்சலாவை அனுப்பிவைத்தார்.

சியாமளாவுக்குப் பகட்டு கிடையாது. முதல் நாளே, "மேடம்னு கூப்பிடாதே, அக்கான்னு கூப்பிடு" என்றாள். தான் குடிக்கிற காபியையே அவளுக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அப்படிப்பட்டவள் வீட்டைப் பற்றிக் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அப்பா போட் வெச்சிருந்தார், இப்போ இல்லை. அம்மா வீட்டிலதான் இருக்காங்க" என்று வச்சலாவின் வாயில் வந்துவிட்டது. கட்டுமரம் போட் ஆனது. கூடை வீட்டுக்குள் போய்விட்டது. சின்னப் பொய்தான். ஆனால் ஒரு பொய்யை நிறுத்திவைக்க ஒன்பது பொய் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பார்களே.

ஒரு காலை வராந்தாவில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது தெருமுனையில், "வஞ்சிரம், சங்கரா, நெத்திலியேய்" என்று குரல் கேட்டது. வச்சலாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சொர்ணம் கூடையோடு வந்தாள். வராந்தாப் படியில் கிடந்த மகளின் செருப்பைப் பார்த்தாள். கூவுவதை நிறுத்தினாள். அந்த வீட்டைத் தாண்டும்வரை வாய் திறக்காமல் நடந்து, நாலு வீடு தள்ளிப் போய்த்தான் மறுபடி கூவினாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். சியாமளாவுக்குக் கண்ணும் காதும் கூர்மை. "நம்ம வீட்டு முன்னாடி மட்டும் அந்தம்மா ஏன் கூவறதில்லை, கவனிச்சியா?" என்று கேட்டாள்.

"சைவக்காரங்க வீடுன்னு தெரியும் போலக்கா."

"ஆமா இல்ல?" என்று சியாமளா சமாதானமாகிவிட்டாள். மகளுக்கு மானக்கேடாகக் கூடாது என்று ஒரு தாய் வாயை மூடிக்கொண்டு போவதை ஒரு பதிலில் சைவமாக்கிவிட்டாயே என்று வச்சலாவின் மனசு அவளையே காறித் துப்பியது. அந்தப் பக்கம் துப்பிவிட்டு இந்தப் பக்கம் நிம்மதியாகவும் மூச்சு விட்டது. மனசுக்கு வெட்கம் ஏது?

ஆய்வை எந்த வழியில் செய்வது என்று சியாமளா ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எண்ணிக்கை எடுக்கிற ஆய்வு பிடிக்காது. எத்தனை வீடு, எத்தனை ஓட்டை என்று எண்ணுகிற வேலையைப் பஞ்சாயத்து கிளார்க்கே செய்வார் என்பாள். மனிதர்களின் மனசுக்குள் போக வேண்டும். அதற்கும் பல வழி உண்டு. ஒரு நாள் வச்சலாவிடமே விளக்கினாள்.

"ஒரே ஒருத்தரைப் பிடிச்சு அவங்க வாழ்க்கையை ஆதியிலேர்ந்து சொல்லச் சொல்லிக் கேக்கலாம். ஆழமா இருக்கும், ஆனா அவங்க சொல்றதுதான் நமக்குத் தெரியும். இல்லைன்னா நிறைய பேரைத் தனித்தனியா பார்த்து ஒரே விஷயத்தைக் கேக்கலாம். பலவிதமா வரும், ஆனா புதுசா வந்த ஒருத்திகிட்ட எல்லாரும் நல்ல பிள்ளையா பதில் சொல்லிட்டுப் போயிடுவாங்க. மூணாவது, ஊருக்குள்ளேயே போய்த் தங்கறது. அவங்களோட சாப்பிட்டு, அவங்களோட தூங்கி, ஒரு வருஷம் இருக்கிறது."

"இதுல எது நல்லதுக்கா?"

"எங்க புரொபசர் ராமானுஜம் சார்கிட்ட இதையே கேட்டேன். வழியில நல்லது கெட்டது இல்லைம்மா, உன் கேள்வி என்னன்னு பார், அதுக்கு எந்த வழி போய்ச் சேரும்னு பாருன்னார். என் கேள்விக்கு மூணாவதுதான் சரி. யோசிச்சுப் பாரு வச்சலா. ஒருத்தி தன்னைப் பத்தி வெட்கப்படறாளான்னு அவளையே கேட்டா சொல்லுவாளா? கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவா. கூடவே இருந்து பார்த்தாத்தான் தெரியும்."

கூடவே இருந்தவள் தலையை ஆட்டினாள். ஊருக்குள் தங்குவதா? குளிக்கக் கதவில்லை, ஒதுங்கச் சவுக்குத்தோப்புதான். வீடு வீடாகக் கருவாடு காயும். எல்லாவற்றுக்கும் மேல், கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிற சொர்ணம் யார் என்று வந்த அன்றே தெரிந்துபோகும்.

வெளியாள் குப்பத்தில் தங்க வேண்டுமானால் ஊர்க்கூட்டம் சம்மதிக்க வேண்டும். அதற்கொரு முறை உண்டு. யாரைப் பற்றிப் பேச்சோ அவர் அப்போது ஊருக்குள் இருக்கக் கூடாது. அவருக்காக ஊர்க்காரர் ஒருவர் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு வீடு எழுந்து, 'எம் பொறுப்பு' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு வந்தவர் செய்கிற நல்லது கெட்டதெல்லாம் அந்த வீட்டைச் சேரும். கூட்டம் நடப்பது கங்கையம்மன் கோயில் முன்னால்; ஆகவே கொடுத்த வாக்கு அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. பின்வாங்கினால் ஊரார் முன்னால் விழுந்து கும்பிட்டு, கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

சியாமளாவுக்காகக் கேட்க வச்சலாதான் போனாள். வேண்டாவெறுப்பாகக் கேட்டாள். மெட்ராஸில் படிக்கிற பெண் எதற்கு இங்கே வந்து தங்க வேண்டும் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். சரி, இது நடக்காது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் தோன்றிய நேரத்தில், கூட்டத்துக்கு வெளியே பூவரச மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எம் பொறுப்புங்க. எங்க வூட்ல தங்கட்டும்."

சொர்ணம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "நீ தலைக்கட்டு இல்லியே சொர்ணம்" என்று ஒருவர் சொன்னார். அது கேலியில்லை, கணக்கு.

"இல்லதான். வூடுன்னு ஒண்ணு கீது இல்ல? பொம்பளப் புள்ள தங்குறதுக்குப் பொம்பள இருக்கிற வூடுதான நல்லது?" என்றாள் சொர்ணம். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

மாயவன் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "முனிசாமி வூட்டுப் பொறுப்பு. சரிதானா?" என்று சபையைக் கேட்டார். சபை சரி என்றது. முனிசாமி செத்த பிறகு அந்த வீட்டின் பேர் அந்த இடத்தில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

மறுநாள் கல்பாக்கம் போகிற வழியெல்லாம் வச்சலா வார்த்தையைத் தேடினாள். சியாமளா வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"ஊர் ஒத்துக்கலைக்கா" என்றாள் வச்சலா.

சியாமளாவின் முகம் விழுந்துவிட்டது. "யாருமே முன்வரலையா?"

"ஒரு வீடும் முன்வரலை."

சொல்லிவிட்டாள். இனிமேல் அதை எடுக்க முடியாது. ஊருக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. சொர்ணம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ராமதாஸ் குழி தோண்டிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். பனையோலைத் தட்டி வைத்துக் குளிக்க மறைப்புக் கட்டுகிறார்களாம். "டவுனுப் பொண்ணு, நம்மள மாரி வெட்டவெளில குளிக்குமா? பாவம், கூச்சப்படும்" என்றாள் சொர்ணம். கோரைப்பாய் புதிதாக வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். வருகிறவள் மீன் சாப்பிட மாட்டாள் என்று மகள் எப்போதோ சொன்னது நினைவிருந்து, அதற்கென்று தனியாக ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கியிருந்தாள்.

வச்சலா அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. மறைப்பு முழுதாகக் கட்டி முடிந்து, பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, "எப்போ வருது உங்க வூட்டு மெட்ராஸ்காரி?" என்று ஊரே கேட்க ஆரம்பித்த பிறகுதான் சொன்னாள். "அவங்க வரலியாம்மா."

"ஏன், இன்னாவாம்?"

அந்த நேரத்தில்கூட வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். காலேஜில் விடவில்லை, உடம்பு சரியில்லை, ஆயிரம் சாக்கு இருக்கிறது. ஆனால் ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்ட சொல்தான் முந்திக்கொண்டு வந்தது. "மீன் நாத்தம் ஒத்துக்காதாம். நம்ம வூடெல்லாம் சரிப்படாதாம்."

சொர்ணம் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தாள். உள்ளங்கையை மெல்ல மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சாயங்காலம் அவளே மாயவனிடம் போய், அந்தப் பெண் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊர் சும்மா விடுமா? "தலைக்கட்டு இல்லாத வூட்டுக்குத் தலைகாணி போட்டு விருந்தாளி வேற" என்று சிரித்தது. மூலையில் சுருட்டி வைத்த புதுப்பாயை சொர்ணம் பிரிக்கவே இல்லை. அந்த மறைப்புக்குள் அவளும் குளிக்கவில்லை.

ஊருக்குள் போக முடியாது என்று ஆனதும் சியாமளா வழியை மாற்றினாள். ஒரே பெண்ணின் வாழ்க்கைக் கதையைக் கேட்பது என்று தீர்மானித்தாள். யாரைக் கேட்பது? வச்சலாதான் ஆள் காட்டினாள். மாரியம்மா. தெற்கே வேறு ஏதோ குப்பத்தில் பிறந்தவள், ஊர் உறவை விட்டு வெகுநாள் ஆகி, குவார்ட்டர்ஸில் பத்துப்பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னக்குப்பத்துக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வச்சலாவுக்கு வேண்டியதும் அதுதான்.

கொல்லைப்படியில் உட்கார்ந்து மாரியம்மா கதையைக் கொட்டினாள். மறைக்கத் தெரியாத மனுஷி. கூடை சுமந்து தலையில் மயிர் தேய்ந்ததைக் குனிந்து காட்டினாள். பஸ்ஸில் கூடையை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் தள்ளிவிட்டதைச் சொல்லிச் சிரித்தாள். "எம் பொண்ணுக்கு என்னைக் கண்டா வெக்கம். கட்டிக்குடுத்த ஊர்ல நான் செத்துட்டன்னு சொல்லிகினு கீறா. சொல்லட்டுமே, எங்கனா நல்லா இருந்தா போதாதா?" என்றாள். சியாமளாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. மாரியம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பாத்திரச் சாம்பலும் பழைய மீன் வெட்டுத் தழும்பும் இருந்த கை.

வச்சலாவின் பேனா ஓடவில்லை. எதை இந்த அக்கா பார்த்தால் முகம் சுளிப்பாள் என்று பயந்தாளோ, அதைத் தேடித்தான் இந்த அக்கா சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். சுளித்த முகம் சியாமளாவுடையதே இல்லை. அது ஹாஸ்டல் கட்டில்காரியுடையது. அதைத் தான்தான் இத்தனை வருஷமும் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று அவளுக்கு அன்று புரிந்தது. புரிந்ததே தவிர வாய் வரவில்லை. இப்போது சொன்னால் பொய்க்காரி என்று ஆகிவிடும். மாரியம்மா மகளாவது எங்கேயோ தூரத்தில் இருந்து செய்கிறாள், நான் பக்கத்திலேயே இருந்து செய்கிறேன் என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டில் ஒரு கூட்டத்தில் சியாமளா தன் ஆய்வைப் பற்றிப் பேசினாள். வச்சலாவை முன்வரிசையில் உட்கார வைத்தாள். பேச்சு முடிந்ததும், தலைமை வகித்த பேராசிரியர் ராமானுஜம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நீ முதலில் ஊரில் தங்குவதாகத்தான் இருந்தாய். பிறகு ஏன் ஒருத்தியின் கதைக்குப் போனாய்? அது உன் கேள்விக்காகச் செய்த தேர்வா, வேறு வழியில்லாமல் செய்ததா?"

"வேறு வழியில்லாமல்தான் சார். ஊர் மறுத்துவிட்டது. ஆனால் அந்த மறுப்பே ஒரு பெரிய செய்தி என்று நினைக்கிறேன். டவுன்ஷிப் வந்த பிறகு அந்த ஊர் வெளியாருக்குக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. ஒரு வீடுகூட முன்வரவில்லை."

"ஊர் மறுத்தது என்று உனக்கு யார் சொன்னது?"

"என் உதவியாளர். அதே ஊர்ப் பெண். அவளைவிட நம்பகமாக யார் சொல்ல முடியும்?" என்று சியாமளா வச்சலாவைக் கை காட்டினாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. சிலர் கைகூடத் தட்டினார்கள். வச்சலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுண்ணாம்பு அடித்து, மறைப்புக் கட்டி, தனிச்சட்டி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்த ஊரை, கதவைச் சாத்திய ஊர் என்று படித்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சியாமளா ஒரேயடியாகச் சென்னைக்குப் புறப்பட்ட நாள் வந்தது. கல்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பெட்டியை வைத்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். பஸ் வரக் காணோம். புளியமரத்தடியில், விற்றது போக மீந்த மீனோடு சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் வழக்கம்போல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வச்சலா பேச்சுக் கொடுத்துச் சியாமளாவைத் தள்ளிக் கூட்டிப்போகப் பார்த்தாள். சியாமளா நேராக மரத்தடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க தெருவுல மீன் கொண்டுவருவீங்களே, நீங்க எந்தக் குப்பம்மா?"

"சின்னக்குப்பம்" என்றாள் சொர்ணம், கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு.

"அப்படியா! வச்சலா ஊரேதான். இவளைத் தெரியுமா?"

சொர்ணம் மகளை ஒரு தரம் பார்த்தாள். "தெரியும். நல்ல பொண்ணு. படிச்ச பொண்ணு."

வச்சலா அங்கேயே நின்றாள். 'இது எங்கம்மா' என்று சொல்ல இரண்டே சொல்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் சியாமளா. "போன வருஷம் நான் உங்க ஊர்ல வந்து தங்கறேன்னு ஆசைப்பட்டேன். ஊர்ல வேணாம்னுட்டாங்க. ஒரு வீடுகூட முன்வரலைன்னாங்க. எனக்கு அது இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு. என்கிட்ட என்ன குறை கண்டாங்க?"

சொர்ணத்தின் கை கூடை விளிம்பில் அப்படியே நின்றது. அவள் சியாமளாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் நாற்றம் பார்க்கிற சுளிப்பு எங்கேயும் இல்லை. பிறகு தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். வச்சலா தரையைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு தாய்க்கு விளக்கம் வேண்டுமா?

"உங்கிட்ட ஒரு கொறையும் இல்லம்மா" என்றாள் சொர்ணம், மெதுவாக. "நாங்கதான் வேணாம்னுட்டோம். சின்ன சின்ன வூடுங்க. வயசுப் பொண்ணு, பொறுப்பு ஏத்துக்க யாருக்குத் தெகிரியம் வரும்? ஒருத்தரும் முன்ன வரல. மெய்தான்."

வச்சலாவின் பொய்யை அப்படியே எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். ஊர் முன்னால் எழுந்து நின்று அவள் வாழ்நாளில் சொன்ன ஒரே வார்த்தையை, சொல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

பஸ் வந்தது. சியாமளா சொர்ணத்தின் கையைப் பிடித்து, "வரேம்மா" என்றாள். பெட்டியை ஏற்றிவிட்டு வச்சலா கீழே நின்றாள். ஜன்னல் வழியாகக் கை ஆட்டிய அக்காவுக்குக் கை ஆட்டினாள். சொல்ல வேண்டியது பஸ்ஸோடு போய்விட்டது.

கூடையோடு பஸ் ஏற முடியாது என்பதால் சொர்ணம் எப்போதும் கடற்கரையோரமாக நடந்துதான் ஊர் திரும்புவாள். வச்சலா பின்னாலேயே நடந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று வச்சலா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஏங்கினாள்.

"நாத்தம்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லியா?" என்று சொர்ணம் கேட்டாள், திரும்பாமலே.

"இல்லம்மா."

"வந்து தங்கத்தான் இருந்துதா?"

"ஆமாம்மா."

சொர்ணம் நின்றுவிட்டாள். "அடப்பாவி. ஒரு வருசமா ஒரு நாள் வுடாம வைஞ்சனே அந்தப் புள்ளைய. நல்லாவே இருக்க மாட்டன்னு சாபம் வுட்டனே. கங்கம்மா, எந்த மூஞ்ச வெச்சிகினு உங் கோயில் வாசல்ல நிப்பேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வச்சலாவுக்கு அதுதான் தாங்கவில்லை. மணலிலேயே உட்கார்ந்து அழுதாள். சொர்ணம் கூடையை இறக்காமல், அவள் எழுந்து வரும்வரை நின்றாள்.

அந்த வாரம் ஊர் கூடியபோது சொர்ணம் தானாகவே போய் நின்றாள். மெட்ராஸ் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, அது வருவதாகத்தான் இருந்தது, தனக்குத்தான் பயம் வந்து வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஊரிடம் மாற்றிச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். கூட்டம் கசமுசா என்றது. "அதுக்குத்தான் தலைக்கட்டு இல்லாத வூட்டை நம்பக் கூடாதுன்றது" என்று ஒரு குரல் வந்தது. மாயவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மன் முன்னால குடுத்த வாக்கு சொர்ணம்" என்றார். சொர்ணம் ஊரார் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

வச்சலா ஓரத்தில் நின்றாள். அவள் சொல்வதை நம்புகிற ஊர்தான். வாயைத் திறந்திருந்தால் நம்பியிருக்கும். விழுந்து எழுந்த சொர்ணம் அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. வேண்டாம் என்று அம்மா சொன்னதால்தான் பேசவில்லை என்று வச்சலா பிற்பாடு பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பால்வாடியில் டீச்சர் வேலை கிடைத்து, குப்பத்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த காலத்திலும் சொல்லிக்கொண்டாள். ஒரு நாளும் அதை அவளால் நம்ப முடிந்ததில்லை.

கோயிலுக்கு எண்ணெய் எடுத்துப் போனபோது தூக்குச்சட்டியை அம்மாவின் கையிலிருந்து அவள்தான் வாங்கிக்கொண்டாள். செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் முன்னால் நடக்க, சொர்ணம் பின்னால் வர, வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். மாயவனுக்கு மனசு இளகிவிட்டது.

"பெத்தவ செஞ்ச தப்புக்குப் பொண்ணு எண்ண தூக்கிகினு வருது பாரு. படிச்ச புள்ளன்னா இப்டி இருக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

வச்சலா தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் ஊர் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டது.